சோறு வாங்கிச் சாப்பிட்ட புத்தர்

போன தை மாதம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்கார அக்காவுக்கு என் பழைய கதை தெரியும். அக்கறையோடுதான் சொன்னார்: "சாப்பாட்டுக் கோளாறுக்கெல்லாம் புத்தர் வழிதான் சரி. ஆசையை விட்டுட்டா எல்லாம் அடங்கிடும்." அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மாதக்கணக்கில் உள்ளே உறுத்திக்கொண்டே கிடக்கிறது. என் நோய் ஆசையில் வளரவில்லை, ஆசையை அடக்குகிறேன் என்ற பெருமையில் வளர்ந்தது. அதே சமயம் அதிலிருந்து நான் எழுந்து வந்ததில் புத்தருக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் புத்தர் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ படிக்கும்போது ஆரம்பித்தது. பிள்ளைகளை ஹாஸ்டலில் போட்டு மார்க் எடுக்க வைக்கும் நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். எதுவுமே என் கையில் இல்லாத அந்த நாட்களில் தட்டில் எவ்வளவு வாங்குவது என்பது மட்டும் என் கையில் இருந்தது. லீவில் வீட்டுக்கு வந்தால் ஊரே பாராட்டியது. "மெலிஞ்சு லட்சணமா ஆயிட்ட" என்றார்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று ஆயா சொல்லும். கொழுக்கவே இல்லாத நான் கொள்ளுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, கிருத்திகை என்று விரதங்கள் வேறு. பக்தியான பிள்ளை என்று பெயர் வாங்கினேன். "சாப்டியா?" என்பதுதான் நம் ஊரில் நலம் விசாரிப்பு. அதற்குத் தினமும் "ஆச்சு" என்று பொய் சொன்னேன்.

கல்லூரியில் அது வேறு முகம் காட்டியது. பசியை எவ்வளவு நாள் அடைத்து வைக்க முடியும்? யாரும் பார்க்காத நேரத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் தின்பேன், அப்புறம் அது உடம்பில் தங்கவிடாமல் செய்வேன். எப்படி என்பதை எழுத மாட்டேன். இந்த நோயில் இருக்கும் பிள்ளைகளின் கண் முதலில் போவது அந்த விவரத்தின் மேல்தான். எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பொட்டாசியம் அப்படி இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், உயிரும் போகலாம். அதற்கப்புறம்தான் ஓசூர் தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸ், மனநல மருத்துவர், ரத்தப் பரிசோதனைகள், உணவு அட்டவணை எல்லாம் வந்தன. புத்தர் என் கதையில் வருவது இதற்கெல்லாம் பிறகு. இந்த வரிசையை மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

பெரியப்பா படித்த பக்கம்

சிகிச்சை ஓரளவு பிடித்த பிறகு, கொஞ்ச நாள் இடம் மாறட்டும் என்று என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பேத்கர் வழியில் பௌத்தம் ஏற்றவர். கூடத்தில் புத்தர் படமும் 1956 அக்டோபர் 14 என்று தேதி போட்ட நாக்பூர் தீட்சைப் படமும் மாட்டியிருக்கும். பெரியம்மா தினமும் ராகிக் களி கிண்டுவார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் "சாப்பிடு" என்று வற்புறுத்தவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாராவது ஒருவர் எழாமல் பக்கத்தில் இருப்பார்கள், அவ்வளவுதான். மருத்துவர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு மத்தியானம் நான், "புத்தரும் பட்டினிதானே கிடந்தார் பெரியப்பா? அவரால முடிஞ்சது, நான் செஞ்சா மட்டும் நோயா?" என்று கேட்டேன். கேள்வியில் பாதி கோபம். லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பட்டினி புத்தர் சிலையின் படத்தை, விலா எலும்பெல்லாம் எண்ணிவிடலாம் போல இருக்கும் அந்தக் காந்தாரச் சிலையை, நான் போனில் சேமித்து வைத்திருந்த காலம் அது. பெரியப்பா பதில் சொல்லாமல் உள்ளே போய், புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாலி நூலான மச்சிம நிகாயத்தை எடுத்து வந்தார். முப்பத்தாறாவது சுத்தம், மகாசச்சக சுத்தம். சுத்தம் என்றால் இங்கே தூய்மை இல்லை, புத்தரின் பேச்சு. அங்கே புத்தர் தன் பட்டினிக் காலத்தைத் தன் வாயாலேயே சொல்கிறார். ஒரு கை அளவு சாறு, பாசிப்பயறுச் சாறோ கொள்ளுச் சாறோ, அதைக் குடித்துக் கிடந்தாராம். கொள்ளு என்ற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டதாம். உடம்பைத் தடவினால் வேர் இற்றுப்போன மயிர் உதிர்ந்ததாம். குளியலறைச் சாக்கடையில் என் முடி சுருண்டு கிடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு மனிதர் எந்தக் கூச்சமும் இல்லாமல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்துதான் அந்த இடம். இனி ஒருவன் இதற்கு மேல் வருந்த முடியாது, இதுதான் எல்லை, இவ்வளவு செய்தும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லையே, வேறு வழி இருக்குமோ என்று யோசிக்கிறார். சின்ன வயதில் அப்பா வேலையாக இருந்தபோது நாவல் மர நிழலில் தான் சும்மா உட்கார்ந்திருந்ததும், அப்போது மனதில் தானாக வந்த இதமும் நினைவுக்கு வருகிறது. உடனே தன்னையே கேட்கிறார்: இந்தச் சுகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன்? யாரையும் கெடுக்காத சுகம்தானே இது? பயப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்கிறார். இவ்வளவு இளைத்த உடம்போடு அந்த இதத்தை அடைவது எளிதல்ல, கொஞ்சம் சோறும் கூழும் சாப்பிட்டால் என்ன என்று நினைக்கிறார். சாப்பிடுகிறார்.

பெரியப்பா புத்தகத்தை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. இதுவரை என்னிடம் பேசியவர்கள் எல்லாரும், டாக்டர்கள் உட்பட, நான் குண்டாகிவிடப் பயப்படுகிறேன் என்றுதான் புரிந்துகொண்டிருந்தார்கள். பயம் அதற்கும் அடியில் இருந்தது. சோறு நன்றாக இருந்துவிடுமோ, அது எனக்குப் பிடித்துவிடுமோ, பிடித்தால் நான் சாதாரண ஆளாகிவிடுவேனோ என்ற பயம் அது. சுகத்தின் மேல் இருந்த பயம். அதைத் தன் பயமாகச் சொன்ன முதல் ஆளை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கூடத் தவம் செய்த ஐந்து பேரும் புத்தரை விட்டுப் போனதையும் பெரியப்பா விடாமல் படித்தார். ஆடம்பரத்துக்குத் திரும்பிவிட்டான், முயற்சியைக் கைவிட்டான் என்று வெறுத்துப் போய்விட்டார்கள். உடல் தேறும்போது பாராட்டு நின்றுபோவதை இந்த நோயிலிருந்து மீளும் ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள். "மறுபடி சதை போட்டுட்டியே" என்று சிரித்துக்கொண்டே ஒரு சித்தி சொன்னதை நான் தாங்கியது அந்த ஐவரை நினைத்துத்தான். புத்தர் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. முதலில் சாப்பிட்டார், தெம்பு வந்தது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லா மருந்தும் எல்லோருக்கும் அல்ல

இப்படிச் சொன்னதால் பௌத்த நூல்கள் எல்லாமே இந்த நோய்க்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சிலது கெடுதல், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உணவை அருவருப்பாகப் பார்க்கும் தியானம் ஒன்று உண்டு. புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமக்கம் அதைப் பத்து வகையில் விவரிக்கிறது. ருசிக்கு அடிமையான துறவிக்கு அது கடிவாளமாக இருக்கலாம். ஏற்கெனவே சோற்றை அருவருக்கும் பெண்ணின் கையில் அது நோய்க்கே போடும் எரு. உடம்பின் அசுத்தத்தை எண்ணும் தியானமும் அப்படித்தான். சுத்தநிபாதத்தில் பதான சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. நேரஞ்சரா நதிக்கரையில் தவத்தில் கிடக்கும் புத்தரிடம், அவர் முயற்சியைக் கலைக்கப் பார்க்கும் மாரன் வந்து, நீ இளைத்துவிட்டாய், நிறம் கெட்டுவிட்டாய், சாவு பக்கத்தில் நிற்கிறது, பிழைத்துக்கொள் என்கிறான். அதாவது உயிரோடு இரு என்று சொல்வது அங்கே மாரன். நோய் முற்றியிருந்த நாளில் இது என் கையில் கிடைத்திருந்தால், கஞ்சியோடு வந்து நின்ற என் அம்மாவை நான் மாரன் என்றே முடிவு கட்டியிருப்பேன். நல்லவேளை, பெரியப்பா அதைப் பல வருடம் கழித்துத்தான் காட்டினார். எதை எப்போது ஒருவரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பெரிய ஆறுதல், இந்த ஆபத்தை மரபே அறிந்திருக்கிறது என்பது. வைசாலியில் புத்தர் பிக்குகளுக்கு உடம்பின் அசுத்தத்தைத் தியானிக்கச் சொல்லிவிட்டு அரை மாதம் தனிமைக்குப் போகிறார். அந்த நாட்களில் பிக்குகள் பலர் தங்கள் உடம்பையே வெறுத்து உயிரை விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தவர் சங்கம் ஏன் இப்படிக் குறைந்துபோனது என்று கேட்கிறார். வேறு முறை ஒன்று சொல்லித்தாருங்கள் என்று ஆனந்தர் வேண்ட, மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியைக் கற்றுத் தருகிறார். ஒரு பயிற்சி ஆட்களை அழிக்கிறது என்று தெரிந்ததும் வேறு பயிற்சி கொடுக்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லாமல் யாரும் இந்த நோயாளிகளுக்குத் தியானம் சொல்லித்தரக் கூடாது என்பது என் எண்ணம்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்திலும் ஒன்று இருக்கிறது. உச்சிக்குப் பிறகு பிக்குகள் உண்ணக் கூடாது என்பது விதி. மழை முடிந்து வரும் சரத் காலத்தில் பிக்குகளுக்கு ஒரு நோய் வருகிறது. கஞ்சி குடித்தாலும் வாந்தி, சோறு தின்றாலும் வாந்தி, இளைத்து நரம்பெல்லாம் தெரிகிறது. அதைப் பார்த்த புத்தர் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் மருந்தாக அனுமதிக்கிறார், முதலில் வேளையில் மட்டும். அப்போதும் அவர்கள் தேறவில்லை என்றதும் வேளை தவறியும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். இளைத்த உடம்பின் முன்னால் விதி இரண்டு முறை வளைந்திருக்கிறது. பௌர்ணமி அன்று பெரியப்பா வீட்டில் எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்க உறுதிமொழிகள், எடுப்பவர்கள் மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். நான் ஐந்து சீலம் மட்டும் எடுக்கிறேன், ராத்திரி இட்லி சாப்பிடுகிறேன். அந்த வீட்டில் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

களியும் கவனமும்

கவனத்தோடு சாப்பிடுவது என்று இப்போது நிறையப் பேர் சொல்லித்தருகிறார்கள். ஒரு உலர்ந்த திராட்சையை எடுத்துப் பார், முகர், நாக்கில் வை, மெல்ல மென்று பார் என்ற பயிற்சி, ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்புகள் வழியாகப் பரவியது. ஜீன் கிறிஸ்டெல்லர் என்ற உளவியலாளர் கட்டுப்பாடில்லாமல் தின்னும் நோய்க்காக அந்த வழியிலேயே தனிப் பயிற்சி உருவாக்கினார். எனக்கும் திராட்சை கொடுத்தார்கள். ஒற்றைத் திராட்சையைப் பத்து நிமிடம் தின்பது, பட்டினியில் நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை. உணவைத் துண்டாக்கி, எண்ணி, இழுத்து இழுத்துத் தின்பது இந்த நோயின் பழக்கம்தான். அதனால் அந்தப் பயிற்சி எனக்கு உதவவில்லை.

களி உதவியது. களியை மெல்ல முடியாது, மென்றால் பல்லில் ஒட்டும். ஆறினால் இறுகிப்போகும், சூட்டோடு சாப்பிட்டாக வேண்டும். விரலை நனைத்துக்கொண்டு உருண்டையின் ஓரத்தில் கிள்ள வேண்டும், கட்டைவிரலால் அதில் சின்னதாக ஒரு குழி போட வேண்டும், குழியில் கீரைக் கடைசலைத் தோய்த்து எடுத்து அப்படியே விழுங்க வேண்டும். விரல் நுனியில் சூடு, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது, நெஞ்சுக்குள் அந்தச் சூடு பரவுவது, இவ்வளவுதான் கவனிக்க இருக்கிறது. எண்ணுவதற்கோ இழுப்பதற்கோ இடமில்லை. வயிற்றைக் கவனி என்று யாராவது சொன்னால் அந்த நாட்களில் எனக்கு உடம்பு முழுக்கப் பதறும். கையைக் கவனிப்பதில் பயமில்லை. மூச்சுத் தியானத்தையும் நான் உள்ளங்கால் தரையில் படுவதிலிருந்துதான் தொடங்கினேன்.

தட்டு முன்னால் ஒரு குரல் வரும். அதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சுத்தங்களில் மாரன் எத்தனையோ வேடத்தில் வருகிறான், புத்தர் அவனோடு சண்டை போடுவதில்லை. இது மாரன் என்று அறிந்துகொள்கிறார், 'என்னைத் தெரிந்துகொண்டார்' என்று வருந்தி அவன் மறைந்துபோகிறான். அந்தக் குரலோடு வாதாடி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை, அது என்னைவிட நன்றாகக் கணக்குப் போடும். "நீ யாருன்னு தெரியும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுக்கப் பழகினேன். அது மறைய நேரமானது. முதலில் அது பேசிக்கொண்டே இருக்கும், நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

வெறியோடு தின்ற நாட்களுக்கு வேறு துணை தேவைப்பட்டது. இரண்டு அம்புகளைப் பற்றிய சல்லத்த சுத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முதல் அம்பு வலி, அதை எண்ணிப் புலம்புவது இரண்டாவது அம்பு. எனக்கு ஆபத்தெல்லாம் இரண்டாவதில்தான் இருந்தது. தின்றது ஒரு முறை, அந்த வெட்கத்தில் மறுநாள் பட்டினி, அந்தப் பட்டினியில் மறுபடி வெறி. மருத்துவர் இதையே இன்னும் எளிதாகச் சொன்னார்: நேற்று என்ன நடந்திருந்தாலும் காலை எட்டு மணிக்கு டிபன். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்ததை அவர்தான் சொன்னார். எந்த நேரமும் சோற்று நினைப்பு, சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைப்பது, பட்டினி முடிந்த பிறகு தின்று தின்றும் அடங்காத பசி. இந்த நோய் இல்லாத ஆண்களுக்கே அப்படி. என் வெறி என் குணக்கேடு இல்லை, பட்டினியின் விளைவு என்று அன்றைக்கு உறைத்தது.

தமிழில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற நோய், எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உண்ணும் நாவல் கனியைச் செருக்கோடு காலால் சிதைத்துவிட்டதால் வந்த சாபம். அவளிடம் யாரும் ஆசையை விடு என்று உபதேசிக்கவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு அவள் கையில் வைக்கிறாள், பசி அடங்குகிறது. நம் மொழியின் பௌத்தக் காப்பியம் பசிப் பிணியைப் பிணி என்றே சொல்லி, அதற்கு மருந்து சோறு என்கிறது. மஞ்சள் நீராட்டுப் பந்தியில் அந்த அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கோசல நாட்டு அரசன் பசேனதி கதையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. மரக்கால் கணக்கில் சோறு தின்று மூச்சு வாங்க வந்தவனுக்குப் புத்தர் ஒரு பாட்டு சொல்கிறார், அவன் படிப்படியாகக் குறைத்து நாழிச் சோற்றோடு நிற்கப் பழகுகிறான். உடம்பு இளைத்த கதையாக இதைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அதில் பார்ப்பது சுதர்சனன் என்ற இளைஞனை. ஒவ்வொரு வேளையும் அரசன் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைச் சொல்வது அவன் வேலை. அரசனாலும் தனியாக முடியவில்லை. என் பெரியப்பா வீட்டில் எழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சுதர்சனன்கள்.

சில பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்பதுண்டு: அக்கா, பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்விட்டு வந்தால் சரியாகிவிடுமா? நான் சொல்வது இது. நோய் நடந்துகொண்டிருக்கும்போது போகாதே. அங்கே மத்தியானச் சாப்பாடு பதினொரு மணிக்கே, சாயங்காலம் புதியவர்களுக்குக் கொஞ்சம் பழமும் டீயும்தான். பேச்சு கிடையாது, நாள் முழுக்க உடம்பைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமானவருக்கு அது நல்ல பயிற்சி. உனக்கு நோய் கேட்பதெல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். என்றைக்காவது போவதென்றால் விண்ணப்பத்தில் நோயை மறைக்காமல் எழுது. இப்போதைக்கு மனநல மருத்துவரைப் பார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடு. அது அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தொடர் வாந்தி இருந்தால் அதற்கும் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வீட்டிலேயே திடீரென்று நிறையச் சாப்பாடு திணிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் மேற்பார்வையில் அளவாகத்தான் கூட்ட வேண்டும். அப்புறம் வீட்டில் ஒருவரைக் கண்டுபிடி, நீ சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல் பக்கத்தில் இருக்கிறவராக. அம்மாவாக இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் சாப்பிடும் நேரத்தில் எனக்கு வீடியோ கால் போடு. நானும் தட்டோடு உட்காருகிறேன்.